நாடு தத்தளிக்கும்போது ஒரு சிறு சபை என்ன செய்யலாம்: வெள்ளிக்கிழமைக் குழுவின் நோட்டிலிருந்து

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

விலைவாசி தலைக்குமேல் போயிருந்த சமயம். வேலை போனவர்கள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். யாரைப் பார்த்தாலும் ‘இந்த நாடு உருப்படாது’ என்றார்கள். நாங்கள் முழு இரவு ஜெபம் என்று அறிவித்தோம். ஒலிபெருக்கி, பேனர், வெளியிலிருந்து இரண்டு பிரசங்கியார்கள். இரவு பதினொரு மணி வாக்கில் ஒருவர் மைக்கை வாங்கி, தனக்குப் பிடிக்காத கட்சியின் தலைவர்களைப் பெயர் சொல்லி, கர்த்தர் அவர்களை அழிக்க வேண்டும் என்று ஜெபித்தார். அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற இரண்டு குடும்பங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தன. சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். அவர்களை மறுபடி ஆலயத்துக்குக் கூட்டிவர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. விடிந்ததும் மற்றவர்கள் தூங்கப் போனோம். நாடு அப்படியேதான் இருந்தது. நாங்களும் அப்படியேதான் இருந்தோம்.

நான் போதகர் இல்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சபைக் கமிட்டியில் ஒருவன், அவ்வளவுதான். அந்த இரவுக்குப் பிறகு வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தை எடுத்து, பிரசங்கம் கேட்கிற காதை மூடிவைத்துவிட்டு, கணக்கு பார்க்கிற கண்ணோடு வாசித்தேன். எருசலேமின் மதில் 52 நாளில் கட்டி முடிந்தது என்று எல்லாப் பிரசங்கத்திலும் சொல்வார்கள். அந்த மதில் இடிந்துகிடக்கிற செய்தியைக் கிஸ்லேயு மாதம் கேட்டு அழுத நெகேமியா, நிசான் மாதம்தான் தான் வேலைபார்த்த பாரசீக ராஜாவிடம் வாய் திறக்கிறார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நடுவில் நாலு மாதம், உபவாசமும் ஜெபமும். ராஜா ‘என்ன வேண்டும்’ என்று கேட்டபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது: எத்தனை நாள் விடுப்பு, எந்த அதிகாரிகளுக்குக் கடிதம், எந்த வனக்காவலனிடமிருந்து மரம். ஜெபித்தபடியே கணக்கும் போட்டிருக்கிறார் மனிதர்.

அந்த வாசிப்பிலிருந்துதான் எங்கள் வெள்ளிக்கிழமைக் குழு மறுபடி ஆரம்பித்தது. உங்கள் சபையிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், நாங்கள் அடிபட்டுக் கற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மைக்குக்கு முன்னால் நோட்டு

நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு இரவில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு மிருகத்தின்மேல் ஏறி, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் அந்த மிருகம் நடந்துபோகக்கூட வழி இல்லை. ‘கட்டுவோம் வாருங்கள்’ என்று அவர் சொன்னது இதற்கு அப்புறம்தான்.

நீங்களும் கூட்டம் அறிவிக்குமுன் மூன்று வாரம் நடங்கள். இரண்டிரண்டு பேராக, ஆலயத்திலிருந்து நடந்துபோகிற தூரத்துக்குள் மட்டும். போகிற வீடுகளில் கணக்கெடுப்பு அதிகாரி மாதிரி கேள்வி கேட்கக்கூடாது. உட்கார்ந்து பேசிவிட்டு வந்து எழுதுங்கள். யார் மருந்தைப் பாதியாக்கிச் சாப்பிடுகிறார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை, யார் வட்டி கட்ட வட்டிக்கு வாங்குகிறார்கள், எந்த இரண்டு வீடுகள் அரசியல் பேசி முகம் முறித்துக்கொண்டன. உதவுவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வாரத்தில் எங்கள் நோட்டில் நாற்பத்தொரு வரிகள் சேர்ந்தன. ‘நாடு’ என்று நாங்கள் முழங்கிக்கொண்டிருந்தது அந்த நாற்பத்தொரு வரிகளில் இருந்தது. அதில் பாதிப் பேர் நம் விசுவாசத்தைச் சேராதவர்கள். அவர்களை விட்டுவிட்டு எந்த நாட்டைப் புதுப்பிக்கப் போகிறோம்?

ஒரு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம்

முழு இரவு ஜெபத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் நீடித்து நிற்பது ஒரு மணி நேரக் கூட்டம்தான். எங்களுடையது வெள்ளிக்கிழமை ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும். பள்ளிக்கூடத்தில் நான் பயன்படுத்திய கைமணி ஒன்று மேசைமேல் இருக்கும். ஜெபம் பிரசங்கமாக மாறினால் ஒரு தட்டு. முதல் மாதம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களில் ஒருவரிடம்தான் மணி இருக்கிறது. என்னையே இரண்டு தடவை தட்டியிருக்கிறார்.

தொடக்கத்தில் பாட்டு வேண்டாம் என்று வைத்தோம். ஒரு புலம்பல் சங்கீதத்தை ஒருவர் மெதுவாக வாசிப்பார்: 44, 74, 80 இந்த மாதிரி. புலம்பலின் ஐந்தாம் அதிகாரமும் நன்றாகப் பொருந்தும். உற்சாகமாகப் பாடித் தொடங்கினால், பசியோடு வந்தவன் தன் பசியை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. வாசித்ததும் ஐந்து நிமிஷம் அமைதி. அந்த அமைதி முதலில் நரகம் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து செய்தி. வாரத்துக்கு ஒருவர், மூன்றே மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வரவேண்டும். இரண்டு இடங்களில் சரிபார்த்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வாசிக்கத் தடை. பொய்ச்செய்திக்காகக் கண்ணீரோடு ஜெபித்த அனுபவம் எங்களுக்கு உண்டு. கலவரம் நடந்ததாக வந்த வீடியோவைப் பார்த்து அழுதோம். பார்த்தால் அது வேறு நாட்டில், பல வருஷத்துக்கு முன் எடுத்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை, கையில் போன் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான்.

ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிற நேரம் வரும். ராஜாக்களுக்காகவும் அதிகாரம் உள்ளவர்களுக்காகவும் விண்ணப்பம் பண்ணுங்கள் என்று 1 தீமோத்தேயு சொல்வது, ரோமப் பேரரசர்கள் ஆண்ட காலத்தில் வாழ்ந்த சபைக்கு. நல்லவர்கள் ஆண்டால் மட்டும் என்று அதில் இல்லை. எங்கள் விதி: பதவியைச் சொல்லலாம், கட்சியைச் சொல்லக்கூடாது. புகழக்கூடாது, சபிக்கக்கூடாது. அந்த வாரம் அவர்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவைச் சொல்லி, அதற்கு ஞானம் கேட்கலாம். இதற்கும் ஒரு பயன் உண்டு: அவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தால்தான் ஜெபிக்க முடியும்.

‘அவர்கள்’ என்ற சொல் இல்லாமல் ஒரு பாவ அறிக்கை

எங்கள் குழு மாறிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி’ என்று 2 நாளாகமம் 7:14-ஐ நாமெல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். அதே வசனத்தில் ‘தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. தங்கள் வழிகள். மந்திரியின் வழிகள் அல்ல. தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்: இளம் வயதில் சிறைப்பட்டுப்போனவர், எருசலேமின் அழிவுக்கு அவர் காரணமே இல்லை. இருந்தும் அந்த ஜெபம் முழுக்க ‘நாங்கள் பாவஞ்செய்தோம்’ என்றுதான் போகிறது.

பொதுவாகப் பாவம் செய்தோம் என்பது சுலபம். 1945 அக்டோபரில், போர் முடிந்த ஜெர்மனியில், சுவிசேஷத் திருச்சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு குற்ற அறிக்கை வெளியிட்டார்கள். எங்கள் மூலம் பல தேசங்களுக்கும் மக்களுக்கும் அளவில்லாத துன்பம் வந்தது, இன்னும் தைரியமாக அறிக்கையிடவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை என்று தங்களையே குற்றப்படுத்திக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அதைச் சொல்லவே துணிச்சல் வேண்டியிருந்தது. சொந்த நாட்டிலேயே பலர் கொதித்தார்கள். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்கள் என்ற சொல் இல்லை. லட்சக்கணக்கில் கொல்லப்பட்டவர்களின் பெயர் இல்லாத பாவ அறிக்கை. நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். ஆனாலும் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

இதற்கு மறுபக்கம் 1990 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்கில் நடந்தது. வில்லி யோங்கர் என்ற இறையியல் பேராசிரியர் திருச்சபைகளின் மாநாட்டில் எழுந்து, நிறவெறிக் கொள்கையால் விளைந்த அநியாயத்தில் தன் சொந்தப் பங்கையும், தன் டச்சு சீர்திருத்தச் சபையின் பங்கையும், தன் இனத்தாரின் பங்கையும் ஒப்புக்கொண்டார். யார்மீது அந்த அநியாயம் நடந்ததோ அவர்கள் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து, அந்த அறிக்கையை ஏற்று மன்னிப்பைச் சொன்னார். எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை, இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம் என்று அங்கே சொல்லப்பட்டது.

எங்கள் கதை இவ்வளவு பெரிதல்ல. ஆறாவதோ ஏழாவதோ வெள்ளிக்கிழமை. விலைவாசியால் வாடுகிற கூலித் தொழிலாளர்களுக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தோம். நானும்தான். பின்வரிசையில் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா, கதவு பூட்டுவதற்காகக் காத்திருந்தவர், எழுந்து நின்றார்.

“ஐயா, நானும் ஒரு விண்ணப்பம் சொல்லலாமா?”

“சொல்லுங்கக்கா.”

“என் சம்பளத்துக்காகவும் ஜெபம் பண்ணுங்க ஐயா. ஆறு வருஷமா அதே சம்பளந்தான்.”

மணி தட்ட வேண்டியவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் இருந்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். ஆறு வருஷமாகப் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒலிபெருக்கிக்கும் பேனருக்கும் ஒதுக்கிய தொகை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று ராத்திரி நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். மதில் பாதியில் நிற்கிறது, ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள்: வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக விட்டோம் என்று. அவர்கள் கூக்குரலிடுவது மதில் கட்டுவதை எதிர்த்த சன்பல்லாத்துக்கு விரோதமாக அல்ல, தங்கள் சொந்தச் சகோதரருக்கு விரோதமாக. நெகேமியா பெரியவர்களைக் கடிந்துகொண்டு, நானும் என் ஆட்களும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். வாங்கின வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார், அதுவும் இன்றைக்கே.

அடுத்த கமிட்டியில் சம்பளம் உயர்ந்தது. பழைய நிலுவை என்று ஒரு தொகையும் கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆறு வருஷம் தாமதம்.

அதனால் உங்கள் பாவ அறிக்கையை எழுதும்போது இப்படி எழுதுங்கள். ஒரு தாள், அதிகபட்சம் ஐந்து வாக்கியம். எழுவாய் ‘நாங்கள்’ அல்லது ‘நான்’. ‘அவர்கள்’ வந்தால் அடித்துவிடுங்கள். ‘ஊழல்’, ‘அநீதி’ மாதிரி பெரிய பெயர்ச்சொற்களை நம்பாதீர்கள். வினைச்சொல் வேண்டும்: லஞ்சம் கொடுத்தோம், வரியைக் குறைத்துக் காட்டினோம், அந்தச் சாதிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, வதந்தியை அனுப்பினோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, இதைச் சரிசெய்ய யார், எப்போது என்று ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

அவனவன் வீட்டுக்கு எதிரே

நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை வாசிப்புப் பகுதியாகக் கொடுத்தால் வாலிபர்கள் பெயர்களில் தடுமாறி நெளிவார்கள். எனக்கோ வேதத்தில் மிகவும் பிடித்த அதிகாரங்களில் அது ஒன்று. தட்டான்கள் கட்டுகிறார்கள், தைலக்காரன் கட்டுகிறான். சல்லூம் என்பவன் தன் மகள்களோடு கட்டுகிறான். தெக்கோவா ஊராரின் பிரபுக்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை. அந்த ஊர்ச் சாதாரண ஜனங்களோ தங்கள் பங்கை முடித்து இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒரு வார்த்தை: தன் வீட்டுக்கு எதிராக. தன் வீட்டு வாசலிலிருந்து தெரிகிற ஓட்டையை எவனும் அரைகுறையாக அடைக்கமாட்டான்.

நோட்டிலிருந்த நாற்பத்தொரு வரிகளில் ஆளுக்கு ஒரு வரியைத்தான் எடுத்தோம். நான் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நர்ஸ் சகோதரி மூன்று முதியவர்களின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வங்கியில் வேலைபார்த்தவர் ஒருவர் கடனில் மூழ்கியவர்களோடு உட்கார்ந்து எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று எழுதிக் கொடுக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது பக்கத்தில் படித்தவர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: உதவிப் பொருளோடு சுவிசேஷக் கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இயேசுவைப் பற்றி யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். பசியில் இருப்பவன் கை நீட்டும்போது அவன் கையில் இரண்டையும் திணிப்பது சாட்சி ஆகாது. எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதினது ‘பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி’ என்றுதான். அந்தப் பட்டணம் அவர்களுடையதுகூட அல்ல. நாட்டின் புதுப்பித்தல் என்றால் கிறிஸ்தவர்கள் கையில் அதிகாரம் வருவது என்று நினைக்கிறவர்கள் சபைக்குள் உண்டு. அவர்களிடம் நான் ருவாண்டாவைச் சொல்வேன். 1994-இல் அந்த நாட்டு மக்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். ஏறத்தாழ நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தஞ்சம் தேடி ஓடிய ஆலயங்களுக்குள்ளேயே பலர் வெட்டப்பட்டார்கள். ந்தாராமா ஆலயம் இன்று நினைவிடம். குருமார் சிலரும் போதகர் சிலரும் பிற்பாடு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். தலையை எண்ணிச் சந்தோஷப்படுகிற கணக்கு எனக்கு அதோடு போயிற்று.

பணம்

நெருக்கடி காலத்தில் காணிக்கை குறையும் என்று நினைப்போம். இப்படிப்பட்ட குழுவுக்கு வருகிற பணம் கூடும். அங்கேதான் கெட்டுப்போகும். எஸ்றா எட்டாம் அதிகாரத்தைக் கமிட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். எருசலேம் ஆலயத்துக்கான காணிக்கை: 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன் (தாலந்து என்பது அந்தக் காலத்து எடை). புறப்படும்போது எஸ்றா அதை ஆசாரியர் கையில் நிறுத்துக் கொடுக்கிறார்; எருசலேமில் மறுபடி நிறுத்து, எடையை எழுதிவைக்கிறார்கள். அவர்கள் பரிசுத்தமானவர்கள் என்று சொல்லிக்கொண்டேதான் தராசையும் எடுக்கிறார். பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தான் தனியே எடுத்துப்போகாமல், தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார், யாரும் குறைசொல்ல இடமில்லாதபடிக்கு.

எங்களிடம்: ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணுவார்கள், மூன்றாமவர் எழுதுவார், மாதக் கடைசியில் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். உதவி பெற்றவர்களின் பெயர் மட்டும் வராது. போட்டோவும் கிடையாது.

தெருவில் இறங்கலாமா?

சில நேரம் இறங்கத்தான் வேண்டும். லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்குச் சமாதான ஜெபம் நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சி. பல வாரங்களில் வந்தது சொற்ப ஆட்கள். ஏழு வருஷம் கழித்து, 1989 அக்டோபர் 9 அன்று, ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது தெருவில் ஏறத்தாழ 70,000 பேர். ஆயுதம் தாங்கிய படை காத்திருந்தது. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. அந்த ஆலயத்தின் போதகர் கிறிஸ்டியான் ஃபூரர் பிற்பாடு சொன்ன விளக்கம் எனக்கு மறக்காது: மெழுகுவர்த்தி பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கை ஏந்த, ஒரு கை காற்றை மறைக்க, கல் எடுக்கக் கை மிச்சமில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

அதனால் தெருவுக்குப் போவதானால், ஜெபித்துப் பழகினவர்கள் போங்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஜெபிக்கிற கூட்டத்தை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். கட்சிக் கொடி வேண்டாம். எந்த வேட்பாளருக்கும் பிரசங்க பீடம் கொடுக்க வேண்டாம், உங்களுக்கு ஓட்டுப் போடத் தோன்றுகிறவருக்கும்தான்.

ஆள் குறையும்போது

குறையும். எங்கள் குழு அறுபதில் தொடங்கி இருபத்தைந்தாகி, இப்போது ஒன்பது. விலைவாசி கொஞ்சம் இறங்கியதும் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நெகேமியா பதின்மூன்றாம் அதிகாரத்தை இந்தச் சமயத்துக்கென்று வைத்திருங்கள். மதில் கட்டி, பிரதிஷ்டை பண்ணி, கையெழுத்துப் போட்டு உடன்படிக்கை செய்தவர்கள். அவர் ராஜாவிடம் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தேவாலயத்து அறையில் எதிரியான தொபியா குடியிருக்கிறான், ஆலய ஊழியம் செய்கிற லேவியர் பங்கு கிடைக்காமல் வயலுக்கு ஓடிப்போயிருக்கிறார்கள், ஓய்வுநாளில் வியாபாரம் களைகட்டுகிறது. மனிதர் தொபியாவின் தட்டுமுட்டுகளைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, லேவியருக்குப் பங்கு கொடுக்கிற வேலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய நோட்டைத் திறந்து, வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். நாற்பத்தொன்றில் பதினேழு இன்னும் முடியாமலே இருக்கின்றன. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: ‘ஆலயப் பணியாளர் சம்பளம். ஒவ்வொரு ஜனவரியும் திரும்பப் பார்க்க வேண்டும்.’ போன ஜனவரியில் மறந்துவிட்டேன். பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை அந்த அக்காவே வந்து மேசைமேலிருந்த மணியை ஒரு தட்டுத் தட்டினார்.